விசிறிக்கு நாலு மிதவை

சிமென்ட் தரையில் என் கணவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையில் ஒரு முழ நீளத் திருப்புளி. அதன் நுனி கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைப்பிடியை இடது காதோடு அழுத்திப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார். பிற்பகல் மூன்று மணி. கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. தலைக்கு மேலே சுற்றும் ஃபேனையும் நிறுத்தியிருந்தோம். இருவருக்கும் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

"இதான்," என்றார். "மேல் மூலையில ஒரு சின்னப் பொட்டி கீது பாரு, அதுக்குள்ள விசிறியோட பேரிங்கு அழுவுது."

நான் நம்பவில்லை. அவர் பெயர் தேசிங்கு. எங்கள் கோட்டைக்குப்பத்தில் எந்தப் படகின் எஞ்சின் இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஃபைபர் போட்டில் கடலுக்குப் போவார், கரையில் இருக்கும் நாளில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷம் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டிய காது. குக்கர் விசில் அதற்குக் கேட்காது. ரேஷன் கடையில் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாலும் கேட்காது. அந்தக் காதுக்கா ஒரு சாண் விசிறி அழுவது கேட்கும்?

"காதுல எங்க கேக்குது? எலும்புல கேக்குது. நீயும் வச்சிப் பாரேன்," என்று திருப்புளியை நீட்டினார்.

வைத்துப் பார்த்தேன். இரும்புச் சட்டியில் மணலை வறுப்பதுபோல ஒரு இரைச்சல் என் கன்னத்து எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் வந்தது. இரண்டு வாரமாக என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது இந்தச் சனியன்தானா என்று எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நாற்பது வாக்கியங்கள்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிற எங்கள் மகள் ரேவதி, தன் ஆபீசில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, சாக்கில் கட்டி, பழவேற்காடு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்த்தாள்.

எனக்கு ஒரு வேலைக்காக வந்த கம்ப்யூட்டர் அது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நான் எறா உரிக்கிற ஷெட்டில் இருந்தேன். ஐஸ் தண்ணீரில் கை, கையில் எறா, எறாவின் தலையில் முள். கடைசி வருஷம் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சாதத்தில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பொன்னேரி டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி ஐஸில் கை வைத்தால் என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டார். ஷெட்டின் மேஸ்திரி நல்ல மனுஷி. "மாசக் கடைசி வரிக்கும் உன் எடத்த வச்சிருக்கேன் சுமதி, அப்பால என்னைக் கேக்காத," என்றாள்.

ரேவதிதான் இந்த வேலையைக் கண்டுபிடித்தாள். இயந்திரங்களுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுக்கிறார்களாம். அதற்குப் பல ஊர்க்காரர்களுடைய குரல் வேண்டுமாம். திரையில் ஒரு வாக்கியம் வரும், மைக்கில் படிக்க வேண்டும், அவ்வளவுதான். மைக்கை அவர்களே தபாலில் அனுப்பினார்கள். மாதிரிக்கு நாற்பது வாக்கியங்கள் படித்து அனுப்பி, அது தேறினால் வேலை. மூன்று தடவை அனுப்பலாம். மூன்றிலும் தேறாவிட்டால் மைக்கைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அந்த நாற்பதும் எனக்கு இன்றும் மனப்பாடம். 'உங்கள் கடவுச்சொல்லை மாற்றவும்.' 'இன்று மழைக்கு வாய்ப்பில்லை.' 'இந்தச் சட்டை வேறு நிறத்தில் கிடைக்குமா?' இப்படி யாரும் யாரிடமும் உருகிச் சொல்லாத வாக்கியங்கள். நாற்பதாவது மட்டும் என்னை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்தும். 'நாளை மாலை நீங்கள் வீட்டில் இருப்பீர்களா?'

வெளியூர்க்காரர்களுக்கு இதில் நிறுத்த என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் குப்பத்தில் கடலுக்குக் கிளம்புகிற ஆளிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆகாது. கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை வாய் தவறிக் கேட்டு, இவர் துடுப்பைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டு அன்றைக்குப் போகாமலே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. சோற்றை எத்தனை பேருக்கு வடிப்பது என்பதை அவர் துணி எடுத்துவைக்கிற விதத்திலேயே தெரிந்துகொள்ளப் பழகிவிட்டேன். அந்தக் கேள்வியைப் போய் ஒரு மெஷினிடம் கேட்கிறேனே என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

கடல் மேல் போட்ட பழி

முதல் தடவை அனுப்பியது மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கூடவே இரண்டு வரிக் குறிப்பு. ஒன்று, பின்னணியில் தொடர்ந்து இரைச்சல் கேட்கிறது. இரண்டு, குரல் உயர்ந்திருக்கிறது, அருகில் இருப்பவரிடம் பேசுவதுபோல் படிக்கவும்.

இரண்டாவது வரியை நான் கண்ணால் பார்த்ததோடு சரி. மனசுக்குள் போகவே இல்லை. என் குரலையா குற்றம் சொல்கிறார்கள்? ஷெட்டில் சாப்பாட்டு நேரத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை இருபது பெண்களுக்குப் படித்துக் காட்டிய குரல் இது. ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கத்தில் கடகடவென்று ஓடும். அதையும் மீறிக் கடைசி வரிசையில் இருப்பவளுக்கும் கதை கேட்க வேண்டும். எல்லோருக்கும் கேட்கும். கதாநாயகி அழுகிற இடத்தில் கடைசி வரிசையிலும் மூக்கை உறிஞ்சுவார்கள்.

ஆகவே முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். இரைச்சல் என்றால் கடல்தான் என்று முடிவு கட்டினேன். சன்னலில் போர்வை தொங்கவிட்டேன். கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்தேன். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன், பிறகு போட மறந்து ஒரு கிலோ சங்கரா மீன் வீணாய்ப் போனது. பக்கத்து வீட்டு லட்சுமி அக்காவிடம் ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொன்னேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது தடவையும் திரும்பி வந்தது. அதே இரண்டு வரி.

அன்றைக்கு நான் ரேவதிக்குப் போன் போட்டு அழுதேன். ஒளிப்பானேன், நன்றாகவே அழுதேன். கையைப் பார்த்தால் இன்னும் புண் ஆறவில்லை. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"ம்மா, அழாத. எல்லாத்தையும் நிறுத்திட்டு, நீ வாயத் தொறக்காம ஒரு நிமிசம் ரெக்கார்டு பண்ணி அனுப்பு," என்றாள்.

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"இது கடல் இல்லம்மா. கடல்னா வந்து வந்து போவும். இது ஒரே மாரி இழுத்துகினே கீது. கம்ப்யூட்டருக்குள்ள எதுனா சுத்தறதா இருக்கும். நைனாவைக் கேளேன்."

நைனாவைக் கேட்டேன். அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தார். அங்கேதான் இந்த அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

ஒரு டப்பா கிரீஸ்

அந்தச் சின்னப் பெட்டிக்குப் பவர் சப்ளை என்று பெயர். சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு பிரித்துக் கொடுக்கிறது. எங்கள் பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு, எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அந்த மாதிரி வேலை என்று ரேவதி சொன்னதும் இவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வேலை செய்வதில் பெட்டி சூடாகும். சூட்டை வெளியே தள்ளத்தான் அந்த விசிறி.

போனிலேயே ரேவதி கறாராகச் சொன்னாள். "பிளக்கைப் புடுங்கிட்டு ஒரு நாள் அப்பிடியே வுட்டுடு நைனா. அதுக்குள்ள கரண்டு தங்கும். விசிறியத் தவுர உள்ள எதுலயும் கை வைக்கக் கூடாது, தெரிதா?"

"தெரிது, தெரிது. எனக்கே பாடம் சொல்றியா?" என்றார், பெருமையாக.

மறுநாள் நாலு ஸ்குரூவைக் கழற்றி அந்தச் சின்னப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். விசிறி மூடியோடு சேர்ந்து வந்தது. அதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆபீஸ் ஏசியில் வாழ்ந்த விசிறி எங்கள் ஊர்க் காற்றைக் கொஞ்ச நாள் குடித்ததில், இறக்கைகளில் தூசியும் உப்பும் சேர்ந்து வெள்ளையாகப் பக்கு கட்டியிருந்தது. ஒரு இறக்கையில் அதிகம், இன்னொன்றில் குறைவு. ஆடிக்கொண்டே சுற்றாமல் என்ன செய்யும்? பெயின்ட் பிரஷ்ஷால் நிதானமாகச் சுரண்டி எடுத்தார். கரகரவென்று தாளில் விழுந்ததை நாக்கில் தொட்டுப் பார்த்து, "உப்புதான்," என்றார். அவர் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற ஆள்.

சுத்தம் செய்ததோடு நிறுத்தியிருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் உப்புக் காற்றுக்கு ஒரே வைத்தியம்தான். கதவுக் கீலுக்குக் கிரீஸ், சைக்கிளுக்குக் கிரீஸ், பூட்டுக்குக் கிரீஸ், டிவி டிஷ் குடையின் போல்ட்டுக்குக் கிரீஸ். கிரீஸ் போடாத இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. இவர் விசிறியின் நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் பெயர்த்தார். உள்ளே ஒரு சின்னக் குழி. படகின் இறக்கை சுற்றுகிற தண்டுக்குப் போடுகிற கிரீஸை விரலில் வழித்து அந்தக் குழியில் திணித்தார். வழிந்ததைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் திணித்தார். மேலே ஸ்டிக்கரை ஒட்டி, மூடியைப் பூட்டி, "இப்போ போடு," என்றார்.

போட்டேன். சத்தமே இல்லை.

திரை எரிகிறது, எழுத்து வருகிறது, ஆனால் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. நான் ஓடிப்போய் அவர் தாடையைப் பிடித்துக் கொஞ்சினேன். அவர் திருப்புளியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "கப்புசிப்புனு ஆயிடுச்சி பாரு," என்றார். நான் உடனே மைக் முன்னால் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது வாக்கியத்தில் ஏதோ கருகுகிற மாதிரி வாடை வந்தது. அடுப்பில் ஏதாவது வைத்தோமா என்று யோசிப்பதற்குள் திரை இருட்டாகிவிட்டது.

அந்தப் பெட்டியைத் தொட முடியவில்லை, அப்படிக் கொதித்தது. விசிறி ஏன் சத்தம் போடவில்லை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அது சுற்றவே இல்லை. கெட்டிக் கிரீஸுக்குள் சிக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நாங்கள் அதன் அமைதியைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

ரேவதிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னோம்.

"நைனா, அது போட்டு எஞ்சின் இல்ல," என்றாள். "தையல் மெஷின் எண்ண ஒரு சொட்டு வுட்டிருந்தா பத்தாதா? டப்பாவையே காலி பண்ணி வச்சிருக்கியே."

"உப்புக் காத்துல சும்மா வுட்டா துரு தின்னுடும்மா."

"சூடாயி தானா நின்னுச்சே, அது வரிக்கும் நல்லது. எதுவும் தொடாத. நாயித்துக்கிழம நான் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இவர் கம்ப்யூட்டர் இருந்த பக்கமே திரும்பவில்லை. சாப்பிடும்போதுகூட முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, "உன் கையி எப்பிடி கீது?" என்று கேட்டார். ஆறிக்கொண்டு வருகிறது என்று பொய் சொன்னேன்.

வலையிலிருந்து எடுத்தது

ஞாயிற்றுக்கிழமை ரேவதி சென்னையில் வாங்கிய புது விசிறியோடு வந்தாள். அதே அளவு, இரைச்சல் குறைந்த ரகம். பழைய பவர் சப்ளையைப் போட்டுப் பார்த்தாள். நல்ல காலம், உயிர் இருந்தது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி அன்று முழுக்க வைத்திருந்துவிட்டு, திங்கட்கிழமை லீவு போட்டு உட்கார்ந்தாள்.

ஒயரைச் சேர்த்தது அவள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. விசிறியை எந்தப் பக்கம் பார்த்துப் பூட்டுவது என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. படகின் இறக்கை எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளும் என்று இவர் கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தார். ரேவதி விசிறியின் ஓரத்தில் இருந்த சின்ன அம்புக்குறியைக் காட்டினாள். பார்த்துவிட்டு, "அதத்தான் நானும் சொன்னேன்," என்றார். சொல்லவில்லை.

விசிறி சுழன்றது. இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் காதைக் கிட்டே கொண்டுபோனால் தகரம் அதிர்கிற ஒரு சின்ன 'ங்' மிச்சம் இருந்தது. ரேவதி உதட்டைப் பிதுக்கினாள்.

இவர் எழுந்து வெளியே போனார். போன வருஷம் கிழிந்துபோன வலை ஒன்று கொல்லையில் கிடந்தது. அதன் மேல் கயிற்றில் கோத்திருக்கும் மிதவையில் நாலைக் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்புகிற மெத்தென்ற மிதவை. மீன் வெட்டுகிற கத்தியால் ஒவ்வொன்றையும் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சீவினார். நடுவில்தான் கயிறு போன ஓட்டை ஏற்கெனவே இருக்கிறதே. விசிறிக்கும் மூடிக்கும் இடையில் நாலு மூலையிலும் அவற்றைக் கொடுத்து, ஸ்குரூவை அதன் வழியாக விட்டு, இறுக்காமல் பூட்டினார்.

"எஞ்சினுக்கு அடியில ரப்பர் வைக்கறோம் இல்ல? அது எதுக்கு? ஆட்டம் பலகைக்குப் போவாம இருக்கத்தான்," என்றார். இந்தத் தடவை ரேவதி தலையாட்டினாள்.

அதோடு அவர் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்த தகர மேசையைத் தட்டிப் பார்த்தார். டமாரம்போல ஒலித்தது. பெட்டியைக் கீழே இறக்கி, ஒரு பலகை போட்டு, மிச்ச வலையை நாலாக மடித்து அதன்மேல் உட்கார வைத்தார். சுவரோடு ஒட்டியிருந்ததை ஒரு முழம் முன்னால் இழுத்தார். மைக்கை ஒயர் எட்டுகிற கடைசி வரைக்கும் தள்ளி வைத்தார். நான் ஒரு நைலான் நூலை எடுத்து, காற்று வெளியே வருகிற துளையின் மேல் கட்டித் தொங்கவிட்டேன். நூல் ஆடினால் விசிறி ஓடுகிறது என்று அர்த்தம். அமைதியை இனிமேல் அப்படியே நம்புவதாக இல்லை.

நூல் ஆடியது. சத்தம் இல்லை. கடல்கூட அன்றைக்குத் தூரத்தில் இருந்த மாதிரி இருந்தது.

யாரை இப்படித் திட்டுகிறாள்?

ரேவதி சாயந்திர பஸ்ஸுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை பிற்பகல், படகுகள் எல்லாம் கரையேறிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து வாக்கியம் படித்தேன். ஹெட்போனை மாட்டிப் போட்டுக் கேட்டேன்.

யாரோ ஒரு பெண்பிள்ளை கத்திக்கொண்டிருந்தாள். மழைக்கு வாய்ப்பில்லை என்று யாரையோ திட்டுகிறாள். சட்டை வேறு நிறத்தில் கிடைக்குமா என்று சண்டைக்கு இழுக்கிறாள். இத்தனை நாளும் அந்த இரைச்சல் என்னை மறைத்து வைத்திருந்தது. அது போனதும் நான் அப்படியே வெட்டவெளியில் நின்றேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு தடவையும் எழுதி அனுப்பினார்களே, அந்த இரண்டாவது வரி, அது இப்போதுதான் மனசுக்குள் போனது.

குறைத்துப் படித்துப் பார்த்தேன். வரவில்லை. ஐஸ் மெஷினுக்கு மேலே படித்த குரல், காது கேட்காத புருஷனோடு முப்பது வருஷம் பேசிய குரல், கரையில் நின்று படகுக்குக் கூவிய குரல். சத்தத்தைக் குறைத்தால் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது, இல்லாவிட்டால் காய்ச்சல்காரி முனகுவதுபோல் இருந்தது. என்னிடம் வேறு குரலே இல்லையோ என்று பயந்துவிட்டேன். மாசக் கடைசிக்கு இரண்டு நாள்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் என் அம்மாவின் ஞாபகம் வந்தது.

அம்மா ஏரியில் கையால் எறா பிடித்தவள். பத்துப் பன்னிரண்டு வயதில் நானும் கூடப் போவேன். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டே சேற்றைக் கையால் தடவிக்கொண்டு போக வேண்டும். பிடித்த எறாவைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் வாரைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ஆகவே அங்கே யாரும் பேச முடியாது. நான் என்ன கேட்டாலும் அம்மாவிடமிருந்து 'ம்' மட்டும்தான் வரும். எப்போதாவது பறியை வாயிலிருந்து எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு, "காலு வலிக்குதா?" என்றோ "பசிக்குதா உனக்கு?" என்றோ கேட்பாள். சத்தம் போட்டால் எறா ஓடிவிடும் என்று அம்மா நம்பினாள். அதனால் பக்கத்தில் இருக்கிற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அடித்தொண்டையில், தண்ணீரோடு தண்ணீராகக் கேட்பாள். நானும் அந்த மாதிரியே பதில் சொல்வேன். கரைக்கு ஏறியதும் இரண்டு பேரும் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்த ஆரம்பித்துவிடுவோம்.

அந்தக் குரல் எனக்கு இருந்தது. ஏரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் குந்தினேன், தண்ணீரில் உட்காருகிற மாதிரி. மைக்கையும் கீழே இறக்கினேன். ஒரு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டேன். திரையில் வாக்கியம் வரும், மனசுக்குள் படிப்பேன், பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்வேன். பிறகு மறுபடி கடித்துக்கொள்வேன். யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். 'உங்கள் கடவுச்சொல்லை மாற்றவும்' என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கால் வலிக்கிறதா என்று கேட்பதுபோலச் சொன்னேன். நூல் ஆடிக்கொண்டிருந்தது. நாற்பதையும் முடித்து அனுப்பினேன்.

நாற்பதாவது கேள்வி

வியாழக்கிழமை காலையில் பதில் வந்தது. எடுத்துக்கொண்டோம், அடுத்த வாரத்திலிருந்து வேலை என்று இருந்தது. கீழே ஒரு வரி: ஒலிப்பதிவு மிகத் தெளிவாக இருக்கிறது, எந்த ஸ்டூடியோவில் பதிவு செய்தீர்கள்? நான் அதை மூன்று தடவை படித்தேன். பிறகு ஷெட்டுக்கு நடந்துபோய், என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது இவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியற்காலை கடலுக்குப் போகத் துணி எடுத்து வைத்திருந்தார்.

"தேறிடுச்சி," என்று கத்தினேன்.

"இன்னா?"

"வேல கெடச்சிடுச்சி. சத்தமே இல்லன்னு எழுதிக்கீறாங்க."

சிரித்தார். சோற்றுக் கையை உதறிக் கழுவிவிட்டு வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. "நீ படிச்சத எனக்குப் போடு," என்றார்.

வேண்டாம், ஒன்றும் புரியாது, பஸ் எத்தனை மணிக்கு என்கிற மாதிரி வாக்கியங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

முதல் வாக்கியத்திலேயே அவர் முகம் மாறியது. ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, "இது ஆரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீ இப்பிடியா பேசுவ?"

அவருக்கு நான் கத்துவது மட்டும்தான் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு அவர் கேட்காத குரல் ஒன்று என்னிடம் இருந்திருக்கிறது. ஹெட்போனை அவர் காதில் சரியாக அழுத்தி வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடவுச்சொல்லை மாற்றச் சொன்னதற்குத் தலையாட்டினார். மழைக்கு வாய்ப்பில்லை என்றதற்குப் புருவத்தைத் தூக்கினார், அதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது போலிருக்கிறது. திரையில் எண் நகர்ந்துகொண்டே போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மூலையில் அவர் எடுத்து வைத்த துணி இருந்தது. நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் நாற்பது ஓடிவிட்டது.

நாளை மாலை நீங்கள் வீட்டில் இருப்பீர்களா?

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கோபப்படவும் இல்லை. காதில் ஹெட்போன் இருப்பது மறந்துபோய், கரையிலிருந்து படகுக்குக் குரல் கொடுக்கிற அந்தப் பழைய சத்தத்தில், வீடே அதிரும்படி சொன்னார்.

"இருப்பேன் சுமதி. இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் லட்சுமி அக்காவின் ஆடு மிரண்டு கத்தியது. மறுநாள் நான் இரண்டு பேருக்குச் சோறு வடித்தேன்.